கடைமடையிலிருந்து ஒரு கேள்வி

நடுவர் அவர்களே, நாகப்பட்டினத்துப் பெரியோர்களே, வணக்கம். கடலில் நுண்பிளாஸ்டிக் சேராமல் தடுக்கப் பெரிதும் தேவைப்படுவது மக்கள் மனமாற்றமா, பன்னாட்டுச் சட்டமா? சட்டமே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் மஞ்சப்பையைத் தூக்கிக் காட்டினார். நானும் கை தட்டினேன், நல்ல பழக்கம்தான். ஆனால் 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 கப்பல் மூழ்கியதே! அதிலிருந்த பிளாஸ்டிக் குருணை, அதாவது பிளாஸ்டிக் சாமான் செய்யும் மூலப்பொருள், கன்னியாகுமரிக் கரை வரை ஒதுங்கியது. ஜவ்வரிசி மாதிரி வெள்ளையாக இருக்கும். மணலோடு கலந்துவிட்டால் சல்லடை போட்டுத்தான் பிரிக்க வேண்டும். அதை எந்த மஞ்சப்பை தடுத்திருக்கும்?

கப்பலிலிருந்து பிளாஸ்டிக்கைக் கொட்டக் கூடாது என்று, கப்பல்களால் வரும் மாசைத் தடுக்கும் பன்னாட்டு ஒப்பந்தமான மார்போல் உடன்படிக்கையின் ஐந்தாம் இணைப்பு 1988 கடைசியிலிருந்தே தடுக்கிறது. தக்க முன்னெச்சரிக்கை எடுத்தும் விபத்தில் விழுந்தால் மட்டும் விலக்கு. இந்தக் குருணையைப் பத்திரமாக ஏற்றுவது எப்படி என்று பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2024-இல் சொன்னதும் வெறும் பரிந்துரை, கட்டாயமில்லை. ஓட்டை இங்கேதான் இருக்கிறது. இதை அடைக்க வேண்டியது சட்டம்.

"ஜெனீவாவில் 2025 ஆகஸ்டில் உலக நாடுகளின் பிளாஸ்டிக் ஒப்பந்தப் பேச்சு முறிந்துபோனதே, இனி என்ன சட்டம்?" என்று எதிரணித் தம்பி கேட்டார். காவிரியில் எத்தனை பேச்சு முறிந்தது தம்பி? மேலே இருப்பவர்கள் மனம் மாறட்டும் என்று நாம் திண்ணையில் உட்கார்ந்துவிட்டோமா? 1990-இல் நடுவர் மன்றம் வந்தது, 2007-இல் இறுதித் தீர்ப்பு. 2018-இல் உச்ச நீதிமன்றம் 177.25 டிஎம்சி என்று எழுதியது. அப்புறம்தான் மேலாண்மை ஆணையம்.

ஆற்றுக்கு நாம் கடைமடை. கடலுக்கு நாம்தான் மேல்மடை! வெட்டாறும் கடுவையாறும் கொண்டுபோகும் பை, தெர்மாகோல், நைந்த நைலான் வலை எல்லாம் வெயிலிலும் அலையிலும் பொடிப்பொடியாகி அடுத்தவர் கடலுக்கும் போகும். தண்ணீர் வாங்கச் சட்டம் கேட்ட நாம், குப்பை அனுப்பும்போது மனசு போதும் என்று சொல்வது நியாயமா?

நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் மாசைத் தடுக்க ஒவ்வொரு நாடும் சட்டம் போட வேண்டும் என்கிறது 1982 கடல் சட்ட உடன்படிக்கையின் 207-ஆவது பிரிவு. எவ்வளவு குறைக்க வேண்டும் என்று அதில் இல்லை. ஜெனீவாவில் இழுபறியானதும் முக்கியமாக உற்பத்திக்கு வரம்பு வைப்பதில்தான். டிஎம்சி என்று அளவு எழுதிய பிறகுதானே நம்மால் கணக்குக் கேட்க முடிந்தது? பிளாஸ்டிக்குக்கும் அப்படி ஓர் அளவை, எல்லா நாடும் கையெழுத்திட்டு எழுதச் சொல்கிறோம் நாங்கள்.