மரப்பட்டையில் எழுதிய கடல் உரிமை

அவையோருக்கு வணக்கம். ஆஸ்திரேலியாவின் வடகோடியில், ஆர்னெம் லேண்டின் கிழக்குக் கரையில் வாழும் யோல்ங்கு மக்களுள் மதர்ப்பா குலத்தின் தலைவர் ஜம்பாவா மராவிலி; ஓவியரும் அவரே. 1996-இல் புளூ மட் பே கரையில், கரங்காலி என்னும் இடத்தில், அத்துமீறி நுழைந்த மீனவர்களின் முகாமொன்று கண்டறியப்பட்டது. அங்கே ஒரு சாக்குக்குள் வெட்டப்பட்ட முதலைத் தலை கிடந்தது.

கரங்காலி முதலைகள் முட்டையிடும் இடம். பாரு என்னும் மூதாதை முதலை தீயில் முதுகு வெந்து கடலுக்குள் பாய்ந்ததாகவும், அந்தத் தீ நீருக்கடியில் இன்றும் எரிவதாகவும் மதர்ப்பா மரபு கூறுகிறது. ஆகவே அந்தத் தலையைக் கண்டவர்கள் தங்கள் முன்னோனுக்கு நேர்ந்த அவமதிப்பாகவே அதைக் கருதினார்கள். அதற்கு விடையாக 47 ஓவியர்கள் 80 மரப்பட்டை ஓவியங்களைத் தீட்டி, எந்தக் கடற்பகுதி எந்தக் குலத்துக்கு உரியது என்பதைப் பதிவு செய்தார்கள்.

இந்த ஓவியங்களில் எதை வரைவது என்பது ஓவியரின் விருப்பத்தைப் பொறுத்ததன்று. மழைக்காலத்தில் உரித்த யூகலிப்டஸ் பட்டையை நெருப்பில் வாட்டி, பாரம் ஏற்றித் தட்டையாக்கி, காவி, கரி, வெண்களிமண் ஆகியவற்றைக் குழைத்து, மனித முடியாலான மெல்லிய தூரிகையால் இழை இழையாகக் கோடிடுகிறார்கள். தீயைக் குறிக்கும் சாய்சதுர அணியை வரையும் உரிமை மதர்ப்பா குலத்தாருக்குத் தந்தைவழி வருவது. தாயின் குலத்து நிலத்தையும் ஓவியத்தையும் காக்கும் பொறுப்போ தாய்வழி வருகிறது. சடங்கின்போது சிறுவர்களின் மார்பில் தீட்டப்படுபவையும் இத்தகைய குல வடிவங்களே. இளையவர்கள் முதலில் மூத்தோரின் ஓவியத்தில் கோடுகளை நிரப்பித்தான் பழகுகிறார்கள். முழு ஓவியத்தையும் தாமே தீட்டும் அனுமதி பின்னர்தான் கிடைக்கிறது. கலைக்கூடங்களில் இவற்றை வெறும் அழகாகப் பார்த்துவிட்டு நகர்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள் என்பது என் எண்ணம்.

2008 ஜூலை 30 அன்று, புளூ மட் பே குறித்த வழக்கில், ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், பூர்வகுடி நிலத்தின் கரையோர ஓத நீரில், அதாவது கடல் ஏறி இறங்கும் பகுதியில், மீன்பிடிக்க நுழைவோரைத் தடுக்கும் உரிமை அந்நிலத்துக்குரியோருக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. மரப்பட்டைகளே வழக்கை வென்றன என்று சிலர் சொல்வது சற்று மிகை. தீர்ப்பு நின்றது 1976-ஆம் ஆண்டின் நில உரிமைச் சட்டத்தின் மீதே. மேலும், அது ஓதம் வற்றும் எல்லையோடு முடிந்துவிடுகிறது. பாருவின் தீ எரிவதாக அவர்கள் சொல்லும் கடல் அதற்கும் அப்பால் இருக்கிறது.