விரல் நுனியளவு வில்லை, மலையளவு சக்கை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

'அணு மின்சாரத்தால் விளைவது நன்மையே' என்று எனக்கு முன்னால் பேசிய நண்பர், தன் சுண்டுவிரல் நுனியைத் தூக்கிக் காட்டினார். இந்த அளவுள்ள ஒரு யுரேனிய வில்லை ஏறக்குறைய ஒரு டன் நிலக்கரிக்குச் சமம் என்றார். அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன். ஏனென்றால் அவர் சொன்னது உண்மை. உலை ஓடும்போது புகை இல்லை, கரியமில வாயு இல்லை. நிலக்கரிப் புகையால் சாகிறவர்களோடு ஒப்பிட்டால் உலை விபத்துகளில் இறந்தவர்கள் மிகக் குறைவு. இதையெல்லாம் ஒப்புக்கொண்டுதான் 'ஆபத்தே' என்ற அணிக்காகப் பேச வந்திருக்கிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்த வில்லை எங்கிருந்து வந்தது? உலையில் நாலைந்து வருடம் எரிந்த பிறகு எங்கே போகிறது? நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். யுரேனியத்துக்கு மூலத்தையும் பார்க்க வேண்டும், முடிவையும் பார்க்க வேண்டும். நண்பர் நமக்குக் காட்டியது நடுவில் உள்ள அந்த நாலைந்து வருடத்தை மட்டும்தான்.

மூலத்திலிருந்து வருகிறேன். பாரிஸில் மேரி கியூரியும் பியர் கியூரியும் பிட்ச்பிளெண்ட் என்ற யுரேனியத் தாதுவை அளந்து பார்க்கிறார்கள். கணக்கு உதைக்கிறது. யுரேனியத்தைவிட அந்தத் தாதுவுக்குக் கதிரியக்கம் அதிகம். அப்படியானால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. அதைத் தேட அவர்கள் வரவழைத்தது எதை? இன்றைய செக் நாட்டில் உள்ள போஹீமியாவில், யோவாகிம்ஸ்தால் சுரங்கத்தில், யுரேனியத்தைப் பிரித்தெடுத்த பிறகு காட்டில் கொட்டி வைத்திருந்த சக்கையை! மூட்டை மூட்டையாக வந்த அந்தப் பழுப்பு மண்ணில் பைன் மர இலைகள் கலந்து கிடந்தன. வேண்டாம் என்று வீசிய அந்த மண்ணுக்குள்தான் ரேடியம் இருந்தது. அதை டன் கணக்கில் காய்ச்சி, 1902-இல் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைடை எடுத்தார்கள். கியூரியின் குறிப்பேடுகள் இன்றைக்கும் ஈயப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன.

நடுவர் அவர்களே, இதை நான் கதைக்காகச் சொல்லவில்லை. யுரேனியத்தை எடுத்துக்கொண்டு போன பிறகும் கதிரியக்கம் சக்கையிலேயே தங்கிவிடுகிறது. இது அந்தக் காலத்திலேயே தெரிந்துபோன விஷயம். தாதுவில் இருந்த கதிரியக்கத்தில் சுமார் 85 சதவீதம் ஆலைக் கழிவில் மிஞ்சுகிறது. அதில் தோரியம்-230 இருக்கிறது. அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், 75,000 ஆண்டுகள். அது சிதைந்து ரேடியமாகிறது, ரேடியம் சிதைந்து ரேடான் என்ற வாயுவாகிறது. நிறமும் வாசனையும் இல்லாத அந்த வாயு மூச்சோடு நுரையீரலுக்குள் போகிறது.

இப்போது அளவைப் பாருங்கள். ஆயிரம் மெகாவாட் உலை ஒன்றுக்கு ஓர் ஆண்டுக்குச் சுமார் 200 டன் இயற்கை யுரேனியம் வேண்டும். பல சுரங்கங்களில் தாதுவில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட யுரேனியம் தேறாது. ஆயிரத்தில் ஒன்று என்றே வைத்துக்கொள்வோம். 200 டன்னுக்கு 2 லட்சம் டன் பாறையை உடைத்து, மாவாக அரைத்து, அமிலத்தில் ஊறவைக்க வேண்டும். விரல் நுனியைக் காட்டிய நண்பர், அதன் பின்னால் நிற்கும் இந்த மலையைக் காட்ட மறந்துவிட்டார்.

1979 மார்ச் 28, அமெரிக்காவின் மூன்று மைல் தீவு உலையில் விபத்து. உலகத்துக்கே தெரியும். அதற்கு மூன்றரை மாதம் கழித்து, ஜூலை 16 விடியற்காலையில், அதே நாட்டின் நியூ மெக்சிகோவில், சர்ச் ராக் என்ற இடத்தில் யுரேனிய ஆலையின் கழிவுக்குளக் கரை உடைந்தது. 1,100 டன் கழிவும் சுமார் 35 கோடி லிட்டர் அமிலத் தண்ணீரும் புவெர்க்கோ ஆற்றில் கலந்தன. நவஹோ பழங்குடி மக்கள் தங்கள் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டும் ஆறு அது.  இந்த அரங்கில் எத்தனை பேர் அந்தப் பெயரைக் கேட்டிருக்கிறோம்? உலையில் நடந்தால் விபத்து. சுரங்கத்து ஓரத்தில், ஆடு மேய்க்கிறவர்களுக்கு நடந்தால் அது கணக்கிலேயே வராதா?

அந்த நவஹோ நிலத்தில் முதலில் அணுகுண்டுக்காகத் தோண்டினார்கள், அப்புறம் மின்சாரத்துக்காகத் தோண்டினார்கள். காற்றோட்டம் இல்லாத சுரங்கத்துக்குள் இறங்கியவர்களிடம் ரேடானைப் பற்றி யாரும் சொல்லவில்லை. தூசி படிந்த சட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள், வீட்டுப் பெண்கள் அதைத் துவைத்தார்கள். சுரங்கத்துக் கழிவுக் கல்லை எடுத்து வீடு கட்டிய குடும்பங்களும் உண்டு. கைவிடப்பட்ட 500-க்கும் மேற்பட்ட சுரங்கங்கள் அங்கே கிடக்கின்றன. 2005-இல் அந்த மக்கள் தங்கள் மண்ணில் யுரேனியம் தோண்டவே கூடாது என்று சட்டம் போட்டுக்கொண்டார்கள்.

இப்போதெல்லாம் யார் பாறையைத் தோண்டுகிறார்கள் என்று எதிரணி கேட்கலாம். சரி. உலக யுரேனியத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் தரும் கஜகஸ்தானில் தோண்டுவதில்லை. நிலத்தடிக்குள் கந்தக அமிலத்தைச் செலுத்தி, யுரேனியத்தைக் கரைத்து உறிஞ்சுகிறார்கள். கழிவுமலை அங்கே இல்லைதான். நிலத்தடி நீருக்குள் இறங்கிய அமிலம் இருக்கிறதே!

இனி யுரேனியத்தின் முடிவுக்கு வருகிறேன். ஜெர்மனியில் ஆஸ்ஸே என்ற பழைய உப்புச் சுரங்கம். உப்புக்குள் தண்ணீர் வராது என்று நம்பி, 1967 முதல் 1978 வரை சுமார் 1,26,000 பீப்பாய் கதிரியக்கக் கழிவை உள்ளே வைத்தார்கள். பத்தே வருடம். 1988-லிருந்து தண்ணீர் இறங்குகிறது, நாளுக்குச் சுமார் 12,000 லிட்டர். போட்டதையெல்லாம் திரும்ப எடுத்தாக வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். இத்தனைக்கும் அது குறைந்த, நடுத்தரக் கதிரியக்கம் உள்ள கழிவுதான்.

ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலைகளில் உருகிப்போன எரிபொருளும் அதோடு கலந்த இடிபாடும் 880 டன் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். 2011-இல் நடந்த விபத்து. அதிலிருந்து முதல் துணுக்கை வெளியே எடுத்தது 2024 நவம்பரில். எடை ஒரு கிராமுக்கும் குறைவு.

பின்லாந்தில் அணுக்கழிவைப் புதைக்கத் தோண்டிய ஒன்காலோ சுரங்கத்தை நண்பர் பெருமையாகச் சொன்னார். நானும் மதிக்கிறேன். 400 மீட்டருக்கும் கீழே, கடினப் பாறைக்குள், செப்புக் குடுவையில் அடைத்து, களிமண் சுற்றி, ஒரு லட்சம் ஆண்டுக்குத் திட்டமிடுகிறார்கள். நேர்மையான உழைப்பு. ஆனால் சோவியத் ரஷ்யாவின் ஒப்னின்ஸ்க் அணு உலை முதன்முதலில் மின்சாரம் கொடுத்தது 1954-இல். ஒன்காலோவைத் தோண்டத் தொடங்கியது 2004-இல். வீட்டைக் கட்டிக் குடியேறி ஐம்பது வருடம் ஆன பிறகுதான் கழிவறைக்குக் குழி வெட்டத் தொடங்கியிருக்கிறோம்.

அந்தக் குழியும் உலையிலிருந்து வரும் எரிபொருளுக்குத்தான். சுரங்கத்து வாசலில் மலையாகக் கிடக்கும் சக்கையைச் செப்புக் குடுவையில் அடைக்க முடியாது. அத்தனை கோடி டன். பெரும்பாலும் மண்ணையும் கல்லையும் போட்டு மூடி, வேலி கட்டி, பலகை நட்டுவிட்டு வருகிறார்கள்.

எதிரணியின் அடுத்த பேச்சாளரிடம் இதற்கு மட்டும் பதில் எதிர்பார்க்கிறேன். தோரியத்தின் பாதி சிதையவே 75,000 ஆண்டு ஆகும். அந்த வேலியை அதுவரை யார் பழுது பார்ப்பார்கள்? அந்தப் பலகையை எந்த மொழியில் எழுதப் போகிறீர்கள்?

நன்றி, வணக்கம்.