உரிமம் கேட்பதும் காப்புரிமை கேட்பதும்

அவையோர்க்கு வணக்கம்.

அமெரிக்காவில் ஒருவர் பொறியாளராகப் பொதுமக்களுக்கு நேரடியாகப் பணி செய்ய வேண்டுமானால், பட்டம் மட்டும் போதாது. அந்தந்த மாநிலத்தின் உரிமம் வேண்டும். அடிப்படைத் தேர்வு, பொதுவாக 4 ஆண்டு அனுபவம், பிறகு தொழில்முறைத் தேர்வு என எல்லாம் தேறிய பின்னரே வரைபடத்தில் தம் முத்திரையைப் பதிக்க முடியும். 1907-இல் இதற்கு முதன்முதலாகச் சட்டம் இயற்றியது வயோமிங் மாநிலம். பாசன நீருக்கு உரிமை கோரிய விண்ணப்பங்களோடு, நில அளவையே அறியாதவர்கள் வரைந்த படங்களும் வந்து குவிந்ததுதான் காரணம். டெக்சஸோ, 1937-இல் நியூ லண்டன் பள்ளியில் எரிவாயு வெடித்து ஏறத்தாழ 300 பேர், பெரும்பாலும் பிள்ளைகள், மாண்ட பிறகே விழித்துக்கொண்டது.

ஆனால், அச்சுப்பொறிகளைக் கண்டுபிடித்தவர்களை இச்சட்டம் பெரும்பாலும் தொடுவதில்லை. நிறுவனத்தின் ஊழியராக இருந்து உற்பத்திப் பொருள்களை வடிவமைப்பவர்களுக்குப் பல மாநிலங்கள் விலக்கு அளித்திருக்கின்றன.

லேசர் அச்சுப்பொறியைக் கண்டுபிடித்த கேரி ஸ்டார்க்வெதரை எடுத்துக்கொள்வோம். 1960-களின் இறுதியில், வெப்ஸ்டர் நகரத்து ஜெராக்ஸ் ஆய்வகத்தில், நகல் இயந்திரத்தின் உருளைமீது லேசர் கற்றையால் நேரடியாகவே எழுதலாமே என்று அவருக்குத் தோன்றியது. மேலிடத்துக்கு அது பிடிக்கவில்லை. 1971-இல் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்துக்கு மாறிய பிறகுதான் வழி பிறந்தது. கற்றையை உருளையின் குறுக்கே ஓட்டுவது சுழலும் பலமுகக் கண்ணாடி. அதன் ஒரு முகம் மயிரிழை சாய்ந்திருந்தாலும் அது எழுதும் வரி இடம் தவறி விழும். அவ்வளவு துல்லியமாகக் கண்ணாடியைச் செய்யப் புகுந்தாலோ விலை கட்டுப்படியாகாது. அவர் கண்ணாடியோடு மல்லுக்கட்டாமல், கற்றையின் பாதையில் உருளை வடிவ வில்லை ஒன்றை வைத்தார். விலகி வந்த ஒளியையும் அது உரிய வரியிலேயே குவித்தது. 1977-இல் ஜெராக்ஸ் 9700 என்ற லேசர் அச்சுப்பொறி சந்தைக்கு வந்தது.

காப்புரிமை அலுவலகம் இது புதிதா, பயனுள்ளதா, துறை அறிந்தவர்க்கு எளிதில் தோன்றாததா என்றே பார்க்கும். செய்தவர் உரிமம் பெற்றவரா என்று கேட்பதில்லை. அது சரியே. வில்லை பிசகினால் கெடுவது ஒரு தாள்தான். ஆனால், மைத்தூளைத் தாளில் உருக்கி ஒட்டும் சூடான பகுதி அப்படியல்ல. 1959-இல் வெளிவந்த ஜெராக்ஸ் 914 நகல் இயந்திரத்தில் தாள் தீப்பற்றியதுண்டு; தீயணைப்பானையும் கூடவே கொடுத்தார்கள். அந்தப் பகுதியின் பாதுகாப்புக்கு மட்டுமாவது உரிமம் பெற்ற ஒருவர் தம் பெயரில் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்க வேண்டும் என்பதே என் கருத்து.