நாள் தவறும் பெண்களும் பிள்ளைக் கணக்கும்

நேயர்களுக்கு வணக்கம். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் மிட்வைஃபாக வேலை செய்தவள் நான். "நாள் தள்ளிப் போனதைப் பெருசா எடுக்கல மிஸ், எனக்கு எப்பவும் இப்படித்தானே" என்ற பேச்சை எத்தனையோ லயத்து வாசலில் கேட்டிருக்கிறேன்.

சூலகத்தில் நீர்க்கட்டி, அதாவது பிசிஓஎஸ், இருக்கிற பெண்கள் பலர் சொல்வது இதுதான். அது கட்டியே இல்லை. முதிராமல் நின்றுபோன சின்னச் சின்ன முட்டைப் பைகள். இன்சுலின் சரியாக வேலை செய்யாததும், ஆண்களுக்குரிய ஹோர்மோன் கூடுவதும் சேர்ந்து மாதவிடாயைக் குழப்புகின்றன. பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் 100க்கு 10 முதல் 13 பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. இது இருந்தால் பிள்ளையே தங்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிகிச்சையோடும், சிலருக்குச் சிகிச்சையே இல்லாமலும் தங்குகிறது.

தங்கிய பிறகுதான் கவனம் அதிகம் வேண்டும். ஒரு கொழுந்து பறிக்கும் தங்கச்சி தைப்பொங்கலுக்குக் குளித்ததை, அதாவது மாதவிடாய் வந்ததை, வைத்து மாதம் எண்ணிக்கொண்டு வந்தாள். ஸ்கேனில் பிள்ளை ஒரு மாதம் சின்னதாகத் தெரிந்தது. கிளினிக் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டாள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, கணக்குதான் பிழை. 60 நாளுக்கு ஒருமுறை குளிக்கிறவளுக்கு முட்டை வெளியாவதும் பிந்தித்தானே நடக்கும்? இந்தப் பிழையைத் திருத்தாமல் விட்டால், திகதி தாண்டிவிட்டது என்று நினைத்து, நிறைமாதம் ஆகாத பிள்ளையை வெளியே எடுக்க வேண்டி வரலாம். அதனால் நாள் தவறினால் உடனே சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள், 8 வாரத்துக்குள் பதியுங்கள், 14 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன் எடுங்கள். நீர்க்கட்டி இருந்ததை மிட்வைஃப் மிஸ்ஸிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சொன்னால் என்ன செய்வார்கள்? இப்படிப்பட்டவர்களுக்குக் கர்ப்பத்தில் சீனி வருத்தமும் பிரஷரும் வருவதற்கு வாய்ப்புக் கூடுதல். குறைமாதப் பிரசவமும் கூடுதல். அதனால் தொடக்கத்திலேயே ஒருமுறை, 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொருமுறை, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணி குடிக்கச் சொல்லி இரத்தம் பார்ப்பார்கள். குமட்டும்தான், ஆனாலும் தவறவிடாதீர்கள். காலையில் மா ரொட்டியும், சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணியும்தான் நமக்குப் பழக்கம். ரொட்டியை ஒன்றாகக் குறைத்து, பருப்பும் கீரையும் கூட்டி, தேத்தண்ணியைச் சீனியில்லாமல் குடித்துப் பாருங்கள். கடும் தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், மேல்வயிற்று வலி வந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

அப்புறம் பிள்ளை. தாயின் இரத்தத்தில் சீனி கூடினால் அது பிள்ளைக்கும் போகும். அதைச் சமாளிக்கப் பிள்ளையின் உடம்பு இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கும். தொப்புள்கொடி வெட்டியதும் சீனி வருவது நின்றுவிடும், இன்சுலின் மட்டும் நிற்காது. பிள்ளையின் சீனி சட்டென்று இறங்கும். நம் மலைக் குளிரில் உடம்பு சூட்டைக் காக்கவே இன்னும் சீனி செலவாகும். அதனால்தான் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுக்கிறார்கள், பயப்படாதீர்கள். பிள்ளையை வெறும் நெஞ்சோடு அணைத்து, மேலே போர்த்தி, ஒரு மணித்தியாலத்துக்குள் சீம்பால் கொடுங்கள். சேனை வைக்கிறோம் என்று தேனோ சீனித் தண்ணியோ நாக்கில் தடவ வேண்டாம், பாட்டி கோபித்தாலும் சரி. பால் குறைவாகத் தெரிந்தால் அடிக்கடி கொடுங்கள், மிஸ்ஸைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

கர்ப்பத்தில் சீனி இருந்தவர்கள், பிள்ளை பிறந்து 6 முதல் 12 வாரத்துக்குள் மறுபடியும் அந்தக் குளுக்கோஸ் தண்ணியைக் குடித்துப் பார்க்க வேண்டும். அன்றைக்கு வெறும் வயிற்றோடு வாருங்கள். பிள்ளையைத் தூக்கிக்கொள்ள வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டி வாருங்கள், இரண்டு மணித்தியாலம் உட்கார வேண்டியிருக்கும்.