நாள் எண்ணத் தெரிந்த டாக்டர்

(மருத்துவக் கல்லூரி மாணவர் மன்ற விழா ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர் அவர்களே, என்னிடம் ஹவுஸ் சர்ஜனாக இருந்து திட்டு வாங்கி இன்று மகப்பேறு துறைத் தலைவராக என் பக்கத்தில் வீற்றிருக்கும் அம்மையார் அவர்களே, நாற்காலியிலிருந்து மத்தியானச் சாப்பாடு வரை செலவை ஏற்றுக்கொண்ட சுழற்சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற இணை இயக்குநர் ஐயா அவர்களே! ஐயாவை மேடைக்குத்தான் அழைத்தார்கள். முழங்கால் வலி, படி ஏற மாட்டேன் என்று கீழேயே இருந்துவிட்டார். அவர் இருக்கும் இடம்தான் மேடை. கடைசி வரிசையில் குனிந்து செல்போன் பார்த்துக்கொண்டிருக்கும் என் செல்வங்களே, உங்களுக்கும் வணக்கம்.

இதுவரை நாலு பொன்னாடை போர்த்திவிட்டீர்கள். பிறந்த குழந்தையைச் சுற்றத் துணி இல்லாமல் தாயின் பழஞ்சேலையைக் கிழித்த வார்டுகளில் வேலை பார்த்தவள் நான். அடுத்த தடவை பருத்தித் துண்டாகக் கொடுங்கள், போகிற வழியில் பிரசவ வார்டில் கொடுத்துவிட்டுப் போவேன்.

கருவுறும் நாட்களைப் பற்றி வருங்கால மருத்துவர்களுக்கு எப்படிக் கற்பிப்பது என்பது எனக்குத் தந்த தலைப்பு. நாலு விஷயம் சொல்ல வந்திருக்கிறேன். நாள் எண்ணுவது ஒன்று. உடம்பு காட்டும் அடையாளம் இரண்டு. நோயாளியின் பேச்சு மொழி மூன்று. கருத்தரிப்பு மையங்களை ஒழுங்குபடுத்த வந்த 2021 சட்டத்துக்குப் பிறகு அவற்றின் நிலவரம் நாலு.

என் அப்பத்தா ஒரு பழமொழி சொல்வாள்: நாள் செய்வது நல்லவர் செய்யார். கல்யாண முகூர்த்தத்துக்குச் சொன்னாள். நான் அதை எம்.பி.பி.எஸ். பாடத்துக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நீங்கள் எல்லோரும் எஃப்.எஸ்.எச்., எல்.எச். ஹார்மோன் கோடுகளைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவீர்கள். 28 நாள் சுழற்சி, 14ஆம் நாள் கருமுட்டை. சரி, 35 நாளுக்கு ஒருமுறை வருகிற பெண்ணுக்கு? வாய்மொழித் தேர்வில் நான் கேட்டபோதெல்லாம் பாதிப் பேர் 14 என்றே சொன்னார்கள். ஜப்பானில் ஒகினோ என்ற மருத்துவர் 1924லேயே சொல்லிவிட்டார்: முன்னாலிருந்து எண்ணாதே, அடுத்து வரப்போகும் மாதவிலக்கிலிருந்து பின்னோக்கி எண்ணு. அப்படிச் சுமார் 14 நாள் பின்னோக்கி வந்தால் 35 நாள்காரிக்கு ஏறக்குறைய 21ஆம் நாள். முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்கூட முழுதாக இல்லை. விந்தணு கருப்பை வாயின் நல்ல சளியில் 5 நாள் வரை தாக்குப்பிடிக்கும். 1995இல் அமெரிக்க ஆய்வாளர் வில்காக்ஸ் குழுவினர் 221 பெண்களைத் தொடர்ந்து கவனித்து, கரு தங்கக்கூடிய நாட்கள் முட்டை வெளிவரும் நாளோடு சேர்த்து மொத்தம் ஆறே என்று எழுதினார்கள். மாதத்தில் ஆறு நாள். நாள் செய்வது நல்லவர் செய்யார்.

நம்மவர்கள் இதை யோசிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். 'பூப்பின் புறப்பாடு ஈராறு நாளும்', அதாவது மாதவிலக்கு தொடங்கிப் பன்னிரண்டு நாளும், தலைவன் பிரிந்து உறையமாட்டான் என்கிறது தொல்காப்பியக் கற்பியல். அது கருத் தரிக்கும் காலம் என்று உரைகாரர்கள் விளக்கினார்கள். அதுவும் பரத்தை வீட்டுக்குப் போன தலைவனுக்குச் சொன்ன விதி! கணக்கு இரண்டு மூன்று நாள் முந்திவிட்டது, போகட்டும். அவர்களிடம் அல்ட்ராசவுண்டு இல்லை.

இப்போது ஒரு கதை. 80களில் நான் ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஒரு பெண் வருவாள், கல்யாணமாகி மூன்று வருஷம், குழந்தை இல்லை. 'அரச மரத்தைச் சுற்றி வந்து அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம்' என்பார்களே, அதையும் செய்து, ராமேசுவரமும் போய்விட்டு வந்தவள். நானும் என் பங்குக்கு கருப்பையைச் சுரண்டும் டி.அண்ட்.சி. இரண்டு தடவை, கருக்குழாய்க்கு மருந்து ஏற்றி எக்ஸ்ரே, மாதாமாதம் மாத்திரை என்று எல்லாம் செய்தேன். ஒன்றும் பலிக்கவில்லை.

ஒருநாள் அவள் மஞ்சப்பையை என் மேஜையில் கவிழ்த்தாள். உள்ளே தினசரி காலண்டர் தாள்கள், ரப்பர் பேண்டு போட்டு இரண்டு கட்டு. ஒரு கட்டு, வீட்டுக்காரர் வந்த நாட்களில் கிழித்தது. இன்னொன்று, அவள் தூரமான நாட்களில் மாமியார் கிழித்து வைத்தது. நான் அதைத் தள்ளி வைத்துவிட்டு ரத்த அழுத்தம் பார்த்தேன். அந்தத் தாள்களை எடுத்துக் கொடுக்கக் குனிந்த எங்கள் ஆயாம்மா, நாலாம் வகுப்பு படித்தவர், இரண்டு கட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஏனுங்க டாக்டரம்மா, இந்தப் புள்ளையோட ஊட்டுக்காரரு வர்றப்பல்லாம் இது வாசத்திண்ணையிலதான் படுத்திருக்குதுங்க" என்றார்.

புருஷன் நாமக்கல் லாரியில் டிரைவர். குவாஹாத்தி லைன். போய், திரும்பும் லோடுக்குக் காத்திருந்து, வீடு வந்து சேர 23 நாள். வீட்டில் 5 நாள். வழியில் தாமதமானால் வீட்டில் தங்கும் நாளைக் குறைத்துக்கொள்வான். கூட்டிப் பாருங்கள், 28. அவளுக்கும் கடிகாரம் மாதிரி 28. மூன்று வருஷமாக இரண்டும் ஒரே தாளத்தில் ஓடியிருக்கின்றன. அவன் வரும்போது அவள் திண்ணையில், அவள் தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வந்த ஒன்றிரண்டு நாளில் அவன் கிளம்பிவிடுவான், முட்டை வரும்போது அவன் எங்கேயோ பீகாரில் டீ குடித்துக்கொண்டிருப்பான்!

ஒரே ஒரு தடவை பத்து நாள் தாமதமாகக் கிளம்பினால் போதும், அப்புறம் கணக்கு தானே நேராகிவிடும். சொல்லி அனுப்பினேன். மறுநாள் லாரி முதலாளியே வந்துவிட்டார். "டாக்டரம்மா, பத்து நாளு வண்டி நின்னா ஃபைனான்ஸ்காரனுக்கு டியூ யாரு கட்டறது? ஆஸ்பத்திரில கட்டுவீங்களா?" நான் வாயடைத்துப் போனேன். பதில் சொன்னவரும் ஆயாம்மாதான்: "எஃப்.சி.க்கு என்னைக்காச்சும் வண்டியை நிறுத்தித்தானுங்க ஆவோணும்?" முதலாளி தலையைச் சொறிந்தார். தகுதிச் சான்றுக்கான அந்த எஃப்.சி. வேலையை முன்னாலேயே எடுத்து, லாரியைப் பெயிண்ட் அடிக்க நிறுத்தினார். நாலாவது மாதம் அந்தப் பெண் வந்து, "நான் குளிக்காம இருக்கறனுங்க" என்றாள்.

பாதிப் பேர் சிரிக்கிறீர்கள், பாதிப் பேருக்குப் புரியவில்லை. மாதவிலக்கு நின்றுவிட்டது, உண்டாகியிருக்கிறேன் என்று அர்த்தம். இதே வாக்கியத்தைக் கேட்ட ஒரு ஹவுஸ் சர்ஜன், தமிழ் பேசி வளர்ந்த பிள்ளைதான், கேஸ் ஷீட்டில் 'சுத்தம் குறைவு, தினமும் குளிக்க அறிவுறுத்தப்பட்டது' என்று எழுதியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மூன்றாவது விஷயம் இத்தோடு முடிந்தது.

இரண்டாவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முட்டை வரும் நாள் நெருங்கும்போது கருப்பை வாயிலிருந்து வரும் சளி, பச்சைக் கோழிமுட்டையின் வெள்ளைக்கரு மாதிரி தெளிவாக, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே இழுத்தால் அறுபடாமல் நூலாக நீளும். அதைச் சொல்லிக்கொண்டு வருகிற பெண்ணுக்கு 'வெள்ளைப்படுதல்' என்று முத்திரை குத்தி மாத்திரை கொடுத்து அனுப்புகிறோம். அரிப்பு உண்டா, நாற்றம் உண்டா, மாதத்தில் எத்தனையாவது நாள் என்று மூன்று கேள்வி கேட்க நமக்கு நேரமில்லை. படிக்காதவர்களுக்கு இதெல்லாம் புரியாது என்று சொல்லாதீர்கள். 1950களில் மைசூர் ராஜ்யத்து ராமநகரத்தில் பெண்களுக்கு வண்ண மணிமாலை கொடுத்து நாள் எண்ணச் சொன்னார்கள், அது பெரிதாகப் பலிக்கவில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனம் பின்னால் ஐந்து நாடுகளில் செய்த ஆய்வில், பெங்களூரும் அதில் ஓர் ஊர், சொல்லிக் கொடுத்த முதல் சுழற்சியிலேயே 93 சதவீதப் பெண்கள் தங்கள் சளியின் மாற்றத்தைக் கண்டுகொண்டார்கள். இதையே கருத்தடையாக நம்பலாமா என்பது வேறு வழக்கு, அங்கே தவறுகள் நிறைய.

என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் எங்கே வந்து நிற்பேன் என்று தெரியும். துறைத் தலைவர் அம்மையார் இப்போதே சிரிக்கிறார். அந்த டிரைவரை நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அவனுக்கு ஒரு பரிசோதனைகூட எழுதவில்லை. விந்துப் பரிசோதனைக்கு ஒரு சின்ன டப்பா, உறவில்லாமல் 2 முதல் 7 நாள் இடைவெளி, லேபில் ஒரு மைக்ராஸ்கோப், அவ்வளவுதான் செலவு. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் குறை இருக்கிறது. ஆனாலும் அவளைத்தான் மயக்கம் கொடுத்துப் படுக்க வைத்தேன். ஊர் அவளை மலடி என்றது, நான் அதை இங்கிலீஷில் எழுதினேன். இதை எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறேன் என்று கணக்கே இல்லை, இன்னும் சொல்வேன். புருஷனின் ரிப்போர்ட் கையில் வராமல் பெண்ணுக்குக் குழாய் எக்ஸ்ரே எழுதக் கூடாது. புறநோயாளிச் சீட்டில் இரண்டு பேர் பெயரும் இருக்க வேண்டும். அவன் வெட்கப்படுகிறான், அவன் அம்மா சண்டைக்கு வருகிறாள் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். எக்ஸ்ரே மேஜையில் படுத்தவளுக்கு வெட்கம் இல்லையா?

துண்டுச் சீட்டு வந்துவிட்டது. முதல்வர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அது அவருடைய பெருந்தன்மை. கருத்தரிப்பு மையங்களைப் பற்றிய நாலாவது விஷயத்தை இன்னொரு நாள் பேசலாம். இன்னொரு நாள் கூப்பிடுவீர்களோ என்னவோ, நாள் செய்வது நல்லவர் செய்யார்.

வாசலில் ஆயாம்மாவின் பேத்தி ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறாள், உங்கள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சீட்டில் இரண்டு பெயர் கேட்கும் மனு அவளிடம் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். பேனா மட்டும் நீங்கள் கொண்டு போக வேண்டும், போன கூட்டத்தில் வைத்த ஆறு பேனாவும் திரும்பி வரவில்லை. நன்றி, வணக்கம்.