முகவரி தெரிந்த அம்மாக்கள்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். வளர்ந்த மகனுக்கும் தாய்க்கும் நடுவே விரிசல் விழப் பெரிதும் காரணம் தாயின் பிடியா, மகனின் மௌனமா என்பது தலைப்பு. மகனின் மௌனமே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், ஒரு நாளைக்கு ஆறு தடவை போன் செய்யும் அம்மாவைச் சொன்னார். நாற்பது வயது மகனிடம் "சாப்பிட்டியா" என்று கேட்கும் அம்மாவைச் சொன்னார். அப்புறம் புறநானூற்றின் 86-ஆம் பாட்டை எடுத்தார். காவற்பெண்டு பாடிய அந்தத் தாய், "என் மகன் எங்கே இருக்கிறானோ, எனக்குத் தெரியாது" என்கிறாளே, எவ்வளவு பெரிய மனசு, இந்தக் காலத்து அம்மாவுக்கு அது வரவில்லையே என்று வருத்தப்பட்டார்.

பாட்டை அங்கேயே நிறுத்திவிட்டால் எப்படி ஐயா? வீட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி வந்து கேட்கிறாள், உன் மகன் எங்கே என்று. தெரியாது என்கிறாள் தாய். சொன்ன கையோடு, புலி தங்கிவிட்டுப் போன கற்குகை மாதிரி, அவனைப் பெற்ற வயிறு இதோ இருக்கிறது, "தோன்றுவன் மாதோ போர்க்களத் தானே" என்று முடிக்கிறாள். இருக்கும் இடம்தான் தெரியவில்லை. ஆனால் மகன் யார், எங்கே போய் நிற்பான் என்பது அவளுக்குத் தெரியும். அந்தத் தெரிதல் இருந்ததால்தான் அவளால் நிம்மதியாக இருக்க முடிந்தது.

இன்றைக்கு எல்லாமே தலைகீழ். சோழிங்கநல்லூரில் எந்தத் தெரு, எந்த மாடி, ஆபீஸ் பஸ் எத்தனை மணிக்கு, எல்லாம் அம்மாவுக்குத் தெரியும். மகன் மனதில் என்ன ஓடுகிறது என்பது மட்டும் தெரியாது. அவன் சொல்வதில்லை. வேலையில் அவமானம், சொல்ல மாட்டான். கடன், சொல்ல மாட்டான். உடம்பில் சர்க்கரை 300-ஐத் தாண்டிவிட்டது, அதையும் சொல்ல மாட்டான். கேட்டால் "ஒண்ணுமில்லம்மா". இந்த ஒரு சொல்லிலேயே எல்லாக் கேள்வியையும் அடைத்துவிட்டால், அவள் கேட்பதற்கு மிச்சம் என்ன இருக்கிறது? சாப்பிட்டியா என்பதுதான் மிச்சம். அதைத்தான் ஆறு தடவை கேட்கிறாள்.

மாமியார் மருமகள் சண்டை என்றார்கள். அதன் வேர் எங்கே இருக்கிறது? மகன் வீடு வாங்க முன்பணம் கொடுத்துவிட்டான். அம்மாவிடம் அவனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து மருமகள் பேச்சுவாக்கில் சொல்கிறாள். அம்மாவுக்குச் சுருக்கென்கிறது. கோபம் யார் மேல் திரும்பும்? பெற்ற பிள்ளை மேல் திரும்ப மனசு வராது, வந்தவள் மேல் திரும்பும். இவனோ இரண்டு பேருக்கும் நடுவில் டிவி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ரொம்பப் பொறுமைசாலி என்று ஊரில் பேரும் வாங்குவான். இதைப் பொறுமை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பணம் அனுப்புகிறானே என்பார்கள். சரி, பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007-லேயே வந்துவிட்டது. கவனிக்காத மகனிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை வாங்கித் தர அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. பேச்சை வாங்கித் தர எந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது?

இதெல்லாம் என் கதை என்பதால் சொல்கிறேன். 2020 ஊரடங்கில் எனக்கு வேலை போனது. மன்னார்குடிப் பக்கம் கிராமத்தில் அம்மா தனியாக இருந்தாள். அவளுக்குச் சொல்லவில்லை. ஐந்து மாதம் கடன் வாங்கி, வழக்கம்போல மாதம் 8,000 அனுப்பினேன். பெரிய தியாகம் என்று நினைத்துக்கொண்டேன். ரேஷன் கடை வரிசையில் யாரோ அவளிடம் கேட்டிருக்கிறார்கள், "உன் பையனுக்கு வேலை போச்சாமே" என்று. ஊருக்குப் போனபோது அவள் திட்டவில்லை. "கடன் வாங்குன காசுல நான் மீன் வாங்கித் தின்னுருக்கேன்டா" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு வருடம், போனில் அவளும் "ஒண்ணுமில்லப்பா" என்றே சொன்னாள். கண்ணில் புரை விழுந்ததைக்கூட என்னிடம் சொல்லவில்லை. மௌனத்தை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான், நடுவர் அவர்களே.

இப்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பேசுகிறோம். நேற்று ராத்திரி, பட்டிமன்றத்தில் பேசப் போகிறேன் என்று நானே போன் செய்து சொன்னேன். எந்தப் பக்கம் என்று கேட்டாள். மகன் மேல்தான் தப்பு என்கிற பக்கம் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அப்படியெல்லாம் பேசாதடா. பிள்ளைங்களுக்கு என்னென்ன கஷ்டமோ" என்றாள்.

எதிரணிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆனாலும் என் கட்சியை நான் மாற்றிக்கொள்ளவில்லை. நன்றி, வணக்கம்.