பழைய போட்டோ, ஸ்லைடு ஸ்கேன் பண்ண எந்த மெஷின்? டிபிஐ நம்பரை மட்டும் பார்த்து வாங்காதீங்க

வணக்கம் நண்பர்களே. ஸ்கேனர் வாங்கப் போறதுக்கு முன்னாடி வீட்டு பீரோவைத் திறந்து ஒரு விஷயம் பாருங்க. இருக்கிறது பேப்பர் பிரிண்ட் மட்டும்தானா, இல்ல ஸ்லைடு (சின்ன ஃபிரேம்ல மாட்டின ஃபிலிம் படம்), நெகட்டிவும் இருக்கா? இதுக்கும் அதுக்கும் மெஷினே வேற.

பிரிண்ட் மட்டும்னா செலவு கம்மி. கேனான் லைட் 300 மாதிரி மெல்லிசான ஸ்கேனர் போதும், யுஎஸ்பி வயர்லயே ஓடும். 4-க்கு 6 இன்ச் போட்டோவை 600 டிபிஐல, அதாவது இன்ச்சுக்கு 600 புள்ளினு எடுத்தா 2400-க்கு 3600 பிக்சல் வரும். அதுக்கு மேல ஏத்தினா பெரும்பாலும் ஃபைல்தான் பெருசாகும், புது விவரம் ஒண்ணும் வராது.

ஆனா இதுல இருக்கிறது சிஐஎஸ் சென்சார். கண்ணாடியை ஒட்டிப் படிஞ்சிருக்கிறது மட்டும்தான் ஷார்ப்பா விழும். உதாரணத்துக்கு ஒரு குரூப் போட்டோ. ஓரம் சுருண்டு ரெண்டு மில்லிமீட்டர் தூக்கிட்டு நிக்குது. ஸ்கேன்ல நடுவுல உக்காந்திருக்கவங்க முகம் தெளிவா இருக்கு, ஓரத்துல நிக்கிறவங்க மங்கிட்டாங்க. லென்ஸ் வெச்ச சிசிடி ஸ்கேனர்ல இந்தத் தொல்லை ரொம்பக் கம்மி. ஃபிரேம் கண்ணாடியோட ஒட்டிப்போன படத்தை தயவுசெஞ்சு பிய்க்காதீங்க, படமே உரிஞ்சு கண்ணாடியோட வந்துடும். அப்படியே கண்ணாடியோட சிசிடி ஸ்கேனர்ல வைங்க.

இப்ப ஸ்லைடு. வெளிச்சம் ஃபிலிமுக்குள்ள புகுந்து வரணும், அதனால மூடியில லைட் இருக்கணும். எப்சன் வி600-ல அது இருக்கு, சென்சாரும் சிசிடி, ஒரே தடவைல 4 ஸ்லைடு வைக்கலாம். பெட்டில 6400 டிபிஐனு போட்டிருப்பாங்க. நிஜத்துல அதுல கால்வாசி விவரம்தான் வரும். 2400-ல எடுங்க, சுமார் 2270-க்கு 3400 பிக்சல் கிடைக்கும், டிவில பார்க்கவும் சின்ன பிரிண்ட் போடவும் தாராளம். அதைவிட நுணுக்கமா வேணும்னா பிளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் 8100. ஆனா ஸ்லைடு ஒவ்வொண்ணையும் கையால தள்ளணும், பேப்பர் போட்டோ அதுல வைக்கவே முடியாது.

ஆன்லைன்ல '22 மெகாபிக்சல்'னு விக்கிற குட்டி டப்பா ஸ்கேனரை நான் சிபாரிசு பண்ண மாட்டேன். உள்ள சின்ன கேமரா சென்சார்தான். வானம், வெள்ளை வேட்டி எல்லாம் வெளுத்துடும், ஃபைலும் பெரும்பாலும் ஜேபெக்கா, அதாவது சுருக்கினதா மட்டும்தான் தரும்.

வி600-ல நிறைய பேர் தடுமாறுற இடம்: மூடிக்குள்ள இருக்கிற வெள்ளை பேடைக் கழட்டாம ஸ்லைடு வெச்சா லைட்டே வராது. ஃபிலிமைப் பிடிச்சு வைக்கிற ஹோல்டரோட ஒரு முனைல திறப்பு இருக்கும், மெஷின் அது வழியாத்தான் வெளிச்சத்தை அளக்கும். அதை மறைச்சா கலர் கெடும், கோடு விழும். ஃபிலிமை நேரா கண்ணாடி மேல வெச்சா வானவில் மாதிரி வளையம் வரும், ஹோல்டர் கட்டாயம்.

தூசி நீக்க வி600-ல டிஜிட்டல் ஐஸ்னு ஒரு வசதி உண்டு. கலர் ஃபிலிம்ல இன்ஃப்ராரெட் (கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்) ஊடுருவிப் போயிடும், தூசி மட்டும் மறைக்கும், அதை வெச்சு சாஃப்ட்வேர் தூசியைக் கண்டுபிடிக்குது. வழக்கமான கறுப்பு வெள்ளை ஃபிலிம்ல இருக்கிற வெள்ளியும் இன்ஃப்ராரெட்டை மறைக்கும். அதனால அதுக்கு ஆஃப் பண்ணிடுங்க, இல்லாட்டி முகத்தையே தூசினு நினைச்சு அழிச்சுடும். கோடாக் கம்பெனியோட பழைய கலர் ஃபிலிமான கோடாக்ரோம் ஸ்லைடுலயும் இதே சிக்கல் வரலாம். பூஞ்சை பிடிச்ச ஸ்லைடுல தண்ணி படவே கூடாது, படம் பதிஞ்சிருக்கிற ஜெலட்டின் படலம் கரைஞ்சுடும். மேல இருக்கிற தூசியை மட்டும் ரப்பர் புளோயரால ஊதிடுங்க.

செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்க மூடி லைட் எரியுதா, ஃபிலிம் ஹோல்டர் கூட வருதானு பாருங்க. பழைய மாடலுக்கு புது விண்டோஸ்ல டிரைவர் கிடைக்கலன்னா பழைய ஸ்கேனரையும் ஓட்டுற வியூஸ்கேன் சாஃப்ட்வேர்ல அந்த மாடல் பேர் இருக்கானு தேடிட்டு அப்புறம் காசு குடுங்க.